அயற்பூசலும் கரிசற்காட்டு உலாவும்

நண்பரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நம்மனைவர்க்கும் உண்டு. உறவினரைத் தேர்ந்துகொள்ள இயலாதெனினும், அவரை விட்டு விலகித் தூரத்தே வாழ்தல் கூடும். அயலாரோ அத்தகையரல்லர். அவரை நாம் தேர்ந்தெடுத்தோமல்லேம். அவரை விட்டு எளிதில் விலகவும் இயலாது. நம் வீட்டுச் சுவரின் ஒரு பக்கம் நமதாயின், மறுபக்கத்தை நாள்தோறும் காண்பவர் அவரே. நம் வயலின் வரப்பில் நாம் நடக்கும்போதெல்லாம் எதிர்ப்படுபவரும் அவரே. ஆதலின், அயலார் நல்லவராய் அமைவது ஒருவன் பெறும் பேறுகளுள் ஒன்றெனப் பெரியோர் கருதினர்.

அங்ஙனம் அமையாதவிடத்து என் செய்வது? இவ்வினா சிறிதன்று. வீடு என்பது உழைத்துக் களைத்தவன் இளைப்பாறும் இடம். அவ்விடத்திலேயே ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு, “அடுத்த வீட்டார் இப்பொழுது என்ன பேசுகின்றனர்? என்ன செய்யக் கருதுகின்றனர்?” என்று காத்திருப்பானாயின், அவனுக்கு உலகில் இளைப்பாறுமிடம் வேறு யாது? மாணாக்கன் நூலைத் திறந்து வைத்திருப்பான். மனம் சுவருக்கு அப்பால் நிற்கும். முதியோர் படுக்கையிற் கிடப்பர், உறக்கம் வாராது. கைப்பொருள் வழக்காடுதலிற் கரையும். இவையனைத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கூரையில் தீப்பற்றினாலும், நள்ளிரவிற் பாம்பு தீண்டினாலும் முதலில் ஓடிவர வேண்டியவர் அயலாரே. அவரோடு பேச்சற்றவன், தன் வீட்டிற்கு மிக அருகிலிருந்த துணையை இழந்தவனாவான்.

இப்பொருளைக் கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் வானம்பார்த்த பூமியையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பூசல் எங்ஙனம் பிறக்கின்றது, சினம் எங்ஙனம் வளர்கின்றது, திறந்தவெளியில் நடத்தல் அதனை எங்ஙனம் தணிக்கின்றது, தணிந்தபின் செய்யத்தக்கது யாது என்னும் நான்கினையும் முறையே காண்போம்.

பூசல் பிறக்கும் வாயில்கள்

கரிசல் மண்ணின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இம்மண்ணில் மாண்ட்மாரில்லோனைட் என்னும் களிமண் இனம் மிகுதி. பிரான்சு நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அக்களி நீரை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலைப் பற்றிக்கொண்டு விடாத அதே மண், சித்திரை வெயிலில் பாளம் பாளமாய் வெடித்துக் கைநுழையும் பிளவுகளைக் காட்டும். மேல்மண் அப்பிளவுகளுள் உதிர்ந்து வீழ்ந்து, மழையில் மீண்டும் கலந்து, தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும். இதுபற்றியே மண்ணூலார் இவ்வின மண்ணிற்குப் ‘புரளுதல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் ‘வெர்ட்டிசால்’ எனப் பெயரிட்டனர்.

இத்தகைய மண்ணின்மீது கட்டிய சுவர் ஆண்டுதோறும் சிறிது உயர்ந்து சிறிது தாழ்கின்றது; அதனால் வெடிப்பு உண்டாகின்றது. வெடிப்பைக் கண்ட வீட்டுக்காரர் மண்ணையா நோவர்? “அடுத்த வீட்டார் புதுக் கிணறு தோண்டினர், அதனால் என் சுவர் பிளந்தது” என்பர். அல்லது, “அவர் வேம்பின் வேர் என் கடைகாலைத் தூக்கிவிட்டது” என்பர். சிற்சில இடங்களில் இக்கூற்றில் உண்மையுமுண்டு. சுவரை அடுத்து நிற்கும் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுதலால் அவ்விடத்து மண் மிகுதியாகச் சுருங்கும். அடுத்த வீட்டுத் தாழ்வாரத்து நீர் சுவரடியில் தேங்கினால் மண் மிகுதியாகப் பருக்கும். ஆயினும், எவர் குற்றமும் இன்றியே கரிசல் நிலத்துச் சுவர் வெடிக்கும் என்பதை அறிந்தவன், ஏசுதற்கு முன் ஒருகணம் நிற்பான். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற தூண்களை ஆழத்தில் ஊன்றி அவற்றின்மேற் கட்டடம் எழுப்பும் முறையைக் கண்டது இம்மண்ணின் குறும்பை வெல்லுதற்கே. ஆகவே, வெடித்த சுவருக்கு முதலில் வேண்டப்படுபவர் கொத்தனாரேயன்றி வக்கீல் அல்லர்.

இரண்டாவது வாயில் வரப்பு. ஆண்டுதோறும் உழும்போது கலப்பையின் நுனி வரப்பின் ஓரத்தைச் சிறிதே அரிக்கும். ஒருவர் அறியாமல் அரித்ததை மற்றவர் அறிந்தே செய்ததாகக் கொள்வர். இங்கு ஒரு கணக்கைக் காட்டுதல் பயனுடையது. ஓரடி அகலமும் ஏறத்தாழ 436 அடி நீளமும் உடைய நிலத்துண்டே ஒரு சென்ட். அஃதாவது ஓர் ஏக்கரில் 100இல் ஒரு பங்கு. 436 அடி நீளமுள்ள வரப்பை அயலார் முழுமையும் ஓரடி நகர்த்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இழந்தது ஒரு சென்ட் மானாவாரி நிலம். அதில் விளையும் உளுந்தையும் பருத்தியையும் ஒரு தட்டில் வைத்து, வழக்கிற்காகும் செலவையும், நீதிமன்றத்திற்கு நடந்த நாட்களையும், உறங்காத இரவுகளையும் மறுதட்டில் வைத்துப் பார்ப்பின் எத்தட்டு தாழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனால், உரிமையை விட்டுவிடுக என்று கூறினோமல்லேம். உரிமையின் அளவை முதலில் அறிக என்பதே நம் கருத்து.

மூன்றாவது நீர். மழைநீரே உயிராகிய இந்நாட்டில், மேட்டுப் புஞ்சைக்காரர் வெட்டிவிட்ட வாய்க்கால் பள்ளத்துப் புஞ்சையை அரித்துச் செல்லும். அடைத்துவிட்டாலோ கண்மாய்க்குச் செல்லும் நீர் தடைப்படும். நான்காவது மரம். வேம்பின் நிழல் ஒருவர்க்குக் குளிர்ச்சி; மற்றவர்க்கு வாசலெங்கும் சருகு. வேலியாக வைத்த சீமைக்கருவேல் எல்லையைக் கடந்து அயற்புஞ்சையிற் பரவும். ஐந்தாவது ஆடும் கோழியும். இவை பட்டா அறியா. ஆறாவது ஓசை. முற்காலத்தில் உரல் உலக்கையோடு நின்ற அயலோசை இக்காலத்தில் ஒலிபெருக்கியாய் வளர்ந்துவிட்டது.

இவ்வாறும் சிறிய பொருள்களே. எனினும் நாள்தோறும் வருவன. யானை மிதித்தால் ஒருநாளோடு போம். செருப்பிற் புகுந்த முள் அடிதோறும் உறுத்தும் அன்றோ? அயற்பூசலின் கொடுமை அதன் பருமையில் இல்லை. அதன் இடையறாமையில் உள்ளது.

வரலாறு காட்டும் ஒரு பாடம்

இந்நாட்டில் அயற்பூசல் எத்துணைப் பெரிதாக முடியும் என்பதை அறிய வேற்றுநாடு செல்ல வேண்டா. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரமும், அதற்குத் தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் 18ஆம் நூற்றாண்டில் அண்டைப் பாளையங்களாக இருந்தன. எல்லைக் கிராமங்கள் குறித்து இவ்விரண்டிற்கும் இடையே நெடுங்காலம் பகைமை நிலவியது. வரி தண்டும் உரிமை பெற்று உட்புகுந்த கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு அப்பகைமை வாய்ப்பாயிற்று. 1799ஆம் ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் கம்பெனியார் பக்கம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று.

எவர் பக்கம் நியாயம் என்பதை ஈண்டு ஆராயப் புகவில்லை. வென்ற பக்கம் நின்ற அயலார் பெற்றது யாது என்பதே நம் வினா. 1803இல் நிலையான வரித்திட்டம் வந்தபோது எட்டயபுரமும் தன் படையாட்சியை இழந்து, கம்பெனிக்கு வரி செலுத்தும் ஜமீனாய் நின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறையும் ஒழிந்தது. எல்லைக்காகப் போரிட்ட இருவரும் போயினர். எல்லையாய்க் கிடந்த கரிசல் மண் மட்டும் அப்படியே கிடக்கின்றது. இன்றும் மாரியிற் பருத்துக் கோடையில் வெடிக்கின்றது. இருவர் பூசலில் மூன்றாமவரே பெருத்த ஊதியம் பெறுவர் என்பது பாளையங்கட்கு மட்டுமன்றிப் பக்கத்து வீடுகட்கும் பொருந்தும் உண்மையாம்.

சினத்தின் இயல்பு

கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தீப்பெட்டியைக் கொண்டே சினத்தின் இயல்பை விளக்கலாம். காப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் முதலிய பொருள்கள் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்வரம் பூசப்பட்டுள்ளது. இரண்டும் வெவ்வேறிடத்தில் இருக்குமளவும் அச்சமில்லை. உரசும்போதே தீ எழும். குச்சியையும் பக்கத்தையும் பிரித்துவைத்ததே ‘காப்பு’ என்னும் பெயர்க்குக் காரணம். அதுபோலவே, நம் மனத்திலும் அயலார் மனத்திலும் எரிபொருள் இருப்பினும், சினம் மிக்க அந்நேரத்தில் இருவரும் உரசாதிருத்தலே முதற் காப்பு. ‘அப்பொழுதே கேட்டுவிட வேண்டும்’ என்று எழுந்து செல்லும் கால்களை வேறு திசையிற் செலுத்துதல் அறிவுடைமை.

“சினத்தை வெளியே கொட்டிவிட்டால் மனம் இலேசாகும்” என்பார் பலர். இக்கொள்கையை அமெரிக்க மனநூலறிஞர் பிராட் புஷ்மன் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியிற் சோதித்தார். கல்லூரி மாணாக்கர் 600 பேர்க்கு அவர்கள் எழுதிய கட்டுரையை இகழ்ந்துரைத்துச் சினமூட்டினர். பின் ஒரு சாராரைத் தம்மை இகழ்ந்தவரை நினைந்துகொண்டே குத்துப் பையைக் குத்துமாறு விடுத்தனர். மற்றொரு சாரார் உடல்வலிமையை நினைந்து குத்தினர். மூன்றாம் சாரார் ஒன்றும் செய்யாது வாளா இருந்தனர். முடிவில், இகழ்ந்தவரை நினைந்து குத்தியவர்க்கே சினம் மிக்கிருந்தது. வாளா இருந்தவரே பிறர்க்குத் தீங்கு செய்வதிற் குறைந்து நின்றனர். கொட்டுவதால் சினம் தீர்வதில்லை. நினைந்து நினைந்து கொட்டுவதால் வளர்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கு நுண்ணிதாக நோக்கத்தக்கது ஒன்று. அயலாரின் செயல் ஒரு நாழிகையில் முடிந்துவிடுகின்றது; அதனை நாம் மனத்திற்குள் நாள்முழுதும் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கின்றோம். அவர் ஒருமுறை ஏசியதை நாம் நூறுமுறை கேட்கின்றோம். இவ்வசைபோடுதலை நிறுத்தும் வழி யாது? ‘நினையாதே’ என்று மனத்திற்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. மனத்திற்கு வேறொரு மேய்ச்சல் நிலம் காட்டுதல் வேண்டும்.

உலாவுதலின் பயன்

அம்மேய்ச்சல் நிலமே திறந்தவெளி. இக்கருத்திற்கு ஆராய்ச்சி அறிஞர் தரும் சான்றுகள் உள. 1984ஆம் ஆண்டில் ரோஜர் உல்ரிச் என்பார், பென்சில்வேனியா நாட்டு மருத்துவமனையொன்றிற் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளை ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர். வலிமிக்க நோய்தணிப்பு மருந்தும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்னும் இணையர் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு விளக்கம் தந்தனர். நாம் முயன்று செலுத்தும் கவனம் தசையைப் போலக் களைப்படைவது. இலையசைவும் மேகச்செலவும் முயற்சியின்றியே கவனத்தை மெல்லக் கவர்வன. ஆதலால் களைத்த மனம் அவற்றிடத்தே இளைப்பாறுகின்றது என்பது அவர்தம் கொள்கை.

2015ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து கிரகரி பிராட்மன் முதலியோர், நலமுடையார் 38 பேரை இரு பகுதியினராக்கி 90 நிமிடம் நடக்கச் செய்தனர். ஒரு பகுதியினர் வண்டிகள் மிக்க பெருஞ்சாலையில் நடந்தனர். மற்றவர் இயற்கை வெளியில் நடந்தனர். வெளியில் நடந்தவர்க்குத் துன்பத்தை அசைபோடும் இயல்பு குறைந்தது. அவ்வியல்போடு தொடர்புடைய மூளைப்பகுதியின் தொழிற்பாடும் குறைந்தது. சாலையில் நடந்தவர்க்கு அம்மாறுதல் காணப்படவில்லை. அவ்வியற்கை வெளி அடர்ந்த சோலையன்று என்பது குறிக்கத்தக்கது. புல்வெளியும், ஆங்காங்கே சிதறி நின்ற ஓக்கு மரங்களும், புதர்களுமே அங்கு இருந்தன. குற்றாலத்து அருவியும் கொடைக்கானல் மலையும் இல்லையே என்று கரிசல் நாட்டார் ஏங்க வேண்டுவதில்லை. பரந்த வெளியும், ஆங்காங்கே ஒரு பனையும், ஓர் உடைமரமும் போதும்.

கரிசற்காட்டிற் காணத்தக்கவை

கரிசற்காட்டைக் காய்ந்த பூமி என்று இகழ்வோர் அதனை விரைந்து செல்லும் வண்டியினின்றும் கண்டவராவர், நடந்து கண்டவரல்லர். புரட்டாசியில் விதைப்பை எதிர்நோக்கி உழுது கிடக்கும் கருநிலம், முதல் மழையில் எழுப்பும் மணம் ஒன்றே நெடுந்தூரம் நடந்து செல்வதற்குரிய கூலியாகும். கார்த்திகை, மார்கழியில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மக்காச்சோளமும் அடிவானளவும் பசுமை விரிக்கும். மாசி, பங்குனியிற் பருத்தி வெடித்துக் கருநிலத்தின்மேல் வெண்மை சிந்தும். கருங்கண்ணி என்னும் நாட்டுப்பருத்தி இம்மண்ணிற்கே உரியதாய்ப் பெயர்பெற்றது. இந்நிலத்தின் பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. இன்றும் அது நடைபெறுகின்றது. கோடையிலும் காட்சி உண்டு. பயிரொழிந்த வெளியில் நிலத்தின் பிளவுகள் வலைபோல் ஓடும். வரப்பில் ஆவாரை மஞ்சட் பூக்களைச் சுமந்து நிற்கும்.

கோவில்பட்டியில் வாழ்வோர்க்குக் கதிரேசன் மலை அருகிலுள்ளது. சற்றுத் தொலைவு செல்ல வல்லார்க்குக் குருமலைக் காடுகளுண்டு. கழுகுமலைக்குச் செல்வோர், 8ஆம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி முற்றுப்பெறாது விட்ட வெட்டுவான் கோயிலையும், சமணத் திருவுருவங்களையும் காணலாம். ஆயிரத்திருநூறு ஆண்டு நின்ற கல்லின்முன் நிற்பவர்க்குத் தம் வீட்டுத் தாழ்வாரச் சண்டை தன் உண்மையளவிற்குச் சுருங்கித் தோன்றும்.

உலாவுங்கால் பறவைகளை நோக்குதல் நன்று. கவுதாரி புதருக்குள்ளிருந்து உரக்கக் கூவும். பனங்காடை கம்பியில் அமர்ந்திருந்து திடீரென நீலச் சிறகை விரிக்கும். கரிச்சான் என்னும் இரட்டைவாற் குருவியிடம் நம் பொருளுக்கேற்ற பாடமொன்று உண்டு. அது சிறிய பறவை; எனினும் தன் கூட்டை அணுகும் காக்கையையும் வல்லூறையும் துரத்திக் கொத்தும். இக்கடுமை கண்டு மற்றப் பறவைகள் அதனைவிட்டு அகல்வனவோ எனின், இல்லை. புறா முதலிய சாதுப் பறவைகள் பல அதன் கூட்டிற்கு அண்மையிலேயே தம் கூட்டைக் கட்டுகின்றன. அதன் கடுமை பகைவரை ஓட்டுமாதலின், அண்டையிலிருப்பார்க்கு அது காவலாகின்றது. நம் அயலாரின் வாய்க் கடுமையும் ஒருநாள் நம் தெருவிற் புகுந்த கள்வனை ஓட்டியிருக்கலாம். அதனை நாம் நினைத்துப் பார்த்ததுண்டோ?

வரப்பில் நிற்கும் பனையும் நோக்கத்தக்கது. இரண்டு புஞ்சைக்கும் நடுவே நின்று எல்லை காட்டுவது அதுவே. பதனீரும் நுங்கும் ஓலையும் தந்து பயன்படுவதும் அதுவே. எல்லை என்பது பிரிப்பது மட்டுமன்று. இருவரும் பயன்கொள்ளும் இடமாகவும் அமையலாம் என்பதை அது சொல்லாமற் சொல்லும்.

உலாவும் முறை

எவ்வாறு நடப்பினும் பயன் கிட்டும் என்று எண்ணற்க. குத்துப் பையைக் குத்தியவர்போல, அயலாரை மனத்திற் சுமந்து அவரோடு வாதாடிக்கொண்டே நடப்பவர் சினம் வளர்ந்தே மீள்வர். ஆதலின் சில முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த மாலையிலோ செல்க. கரிசல் நாட்டுப் பகல்வெயில் பொல்லாதது, நிழலும் அரிது. இரண்டாவது, முதல் சில நிமிடம் மனம் பூசலையே பேசும். அதனோடு மல்லாடாது, கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுக்க. இன்று எத்தனை வகைப் பறவை கண்டோம், எவ்வயலில் என்ன பயிர், காற்று எத்திசையினின்று வருகின்றது என்று எண்ணுக. மூன்றாவது, கைப்பேசியை வீட்டில் விடுக. எடுத்துச் செல்லினும் வாய்மூடி வைக்க. நான்காவது, துணையோடு செல்லின் ‘அயலாரைப் பற்றிப் பேசுவதில்லை’ என்று முன்னரே உடன்படுக. ஐந்தாவது, மழைக்குப்பின் கரிசலிற் கால்வைப்போர் மண் அப்பிக் கால் கனத்து வருந்துவர். அந்நாட்களில் வண்டிப் பாதையே நலம். புதர்களில் விரியன் பாம்பும், காட்டில் கைப்பிடிச் சுவரில்லாத பழங்கிணறுகளும் உண்டு. வெளிச்சம் மறையுமுன் மீளுதல் வேண்டும்.

உலாவி மீண்டபின் செய்யத்தக்கவை

உலாவுதல் மருந்தாகுமேயன்றித் தீர்ப்பாகாது. சுவரின் வெடிப்பு நாம் நடந்ததனால் அடைபடாது. ஆயின், அமைதியடைந்த மனம் கண்டுகொள்ளும் வழிகளைக் கொதிக்கும் மனம் காணாது. அவ்வழிகளை வரிசைப்படுத்துவோம்.

முதலிற் செய்தியையும் ஊகத்தையும் பிரித்தல் வேண்டும். ‘என் வாசலில் நீர் தேங்கியது’ என்பது செய்தி. ‘என்னை அவமதிக்கவே நீர் விட்டார்’ என்பது ஊகம். செய்தியைத் தாளில் நாளிட்டு எழுதுக. ஊகத்தைக் காட்டிலேயே விட்டு வருக.

அடுத்து நேரிற் பேசுக. தெருவார் முன்னிலையில் அன்று. பூசல் நடந்த அப்பொழுதுமன்று. குற்றம் சாட்டும் சொல்லால் தொடங்காது, இருவர்க்கும் பொதுவாகிய காரியத்தால் தொடங்குக. “அண்ணாச்சி, உங்க வேம்பு நம்ம சுவர்ப்பக்கம் சாஞ்சிருக்கு, மழைக்கு முந்தி ஒருநாள் ரெண்டு பேரும் சேந்து பாப்போமா?” என்று கேட்பவர்க்கும், “உம்ம மரத்தை வெட்டுறீரா, இல்லையா?” என்று கேட்பவர்க்கும் கிடைக்கும் விடை ஒன்றாகாது. முன்னதில் இருவரும் மரத்தை நோக்குகின்றனர். பின்னதில் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குகின்றனர்.

எல்லைபற்றிய ஐயமாயின் வாய்ச்சொல்லை விட்டு அளவுகோலைக் கொள்க. 1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைச் சட்டப்படி நம் நாட்டுப் புலங்களுக்கு அளவுக்கல்லும் புலப்படமும் உள்ளன. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் நில அளவர் வந்து அளந்து காட்டுவார். அளக்கும் நாளில் இருதரத்தாரும் உடனிருத்தல் நலம். கரிசல் மண் பருத்துச் சுருங்குவதால் எல்லைக் கற்களும் சாய்தல் உண்டு. கல் சாய்ந்த மாத்திரத்தால் அயலார் சாய்த்தார் என்று முடிவு செய்யற்க.

பேச்சு முறிந்தால் இருவரும் மதிக்கும் மூன்றாமவரை நாடுக. அவர் பூசலில் ஊதியம் கருதாதவராதல் வேண்டும். பாளையங்களின் கதையை மறவற்க. அதற்கும் அடங்காதாயின், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தால் அமைந்த மக்கள் நீதிமன்றம் உள்ளது. வழக்குத் தொடுப்பதற்கு முன்னரே அங்குச் சமரசம் நாடலாம். இருவரும் உடன்பட்டுப் பெறும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் வலிமையுடையது. அதன்மேல் முறையீடு இல்லை. நடைபெறும் வழக்கு அங்குத் தீர்ந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஓசையால் வருந்துவோர்க்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் துணையாவன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி முழக்குதலை அவை பொதுவாகத் தடுக்கின்றன.

இறுதியாக ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் கடமையாகும். பொறுமை வேறு; அச்சத்தால் அடங்கியிருத்தல் வேறு. அயலார் கையோங்குபவராயினும், மகளிரை இழித்துரைப்பவராயினும், உயிர்க்கு இறுதி சூழ்வதாக அச்சுறுத்துபவராயினும், அவ்விடத்து உலாவுதலை மருந்தாகக் கூறுவது பேதைமை. காவல் நிலையத்தில் முறையிடுவதே அங்குச் செய்யத்தக்கது. அங்ஙனம் முறையிடச் செல்பவரும் அமைந்த மனத்தோடு செல்வாராயின், நடந்ததை நடந்தவாறே கூறி நியாயம் பெறுவர்.

நல்ல அயலாண்மை

அயலாண்மையின் தீமையையே பேசி முடித்தல் தகாது. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே இடைசெவல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரிற் பிறந்து ஒன்றாய் வளர்ந்த இரு நண்பர், தமிழ்ச் சிறுகதை உலகிற்கு இரண்டு பெரிய பெயர்களாயினர். ஒருவர் கு. அழகிரிசாமி; 1970இல் மறைந்தார்; அவ்வாண்டிற்குரிய சாகித்திய அகாதெமி பரிசு அவர்தம் ‘அன்பளிப்பு’ என்னும் நூலுக்கு அவர் மறைவிற்குப்பின் வழங்கப்பெற்றது. மற்றவர் கி. ராஜநாராயணன், ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் நாவலுக்காக 1991இல் அப்பரிசைப் பெற்று, 2021இல் மறைந்தார். ஒரே தெருப்புழுதியில் விளையாடி, ஒரே கரிசற்காட்டில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் ஒருவரோடொருவர் பேசி மகிழ்ந்த அயலாண்மை, இருவர் எழுத்திற்கும் உரமாயிற்று. வானம்பார்த்த இம்மண்ணில் பகைமை விளைவது போலவே நட்பும் விளையும். எதை விதைப்பது என்பதே நம் கையிலுள்ளது.

மாணாக்க நண்பர்களே! கல்லூரியை விட்டு நீங்கள் செல்லும் ஊரெல்லாம் அயலார் இருப்பர். அவருள் எளியரும் இருப்பர், அரியரும் இருப்பர். அரிய அயலாரை மாற்றியமைக்கும் ஆற்றல் நமக்கு இல்லாமற் போகலாம். அவர் சுவருக்கு அப்பால் இருப்பதை விட்டு நம் நெஞ்சிற்குள் குடிபுகாதவாறு காக்கும் ஆற்றல் நமக்கு உண்டு. அதற்கு ஊர்ப்புறத்தே ஒற்றையடிப் பாதை ஒன்றும், நாளில் ஒரு நாழிகையும் போதும். கோடையிற் பிளந்த கரிசல் நிலம் ஒரு மழைக்குப் பின் தானே கூடிவிடுகின்றது. மக்கள் மனத்திற் பட்ட பிளவும் அவ்வாறு கூடுதற்குரியதே. மழை வருமளவும் அதனைத் தோண்டாதிருந்தாற் போதும்.